நாற்பது நாள் பட்டினி

“பதினாறு நாள் புழு நெம்ப நல்லாத் தின்னுச்சுங்க அம்மிணி. கூடு கட்டற நேரத்துல செத்துப் போச்சுங்க.”

நாச்சிமுத்து இதைச் சொன்னபோது இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

“கையைக் கழுவிட்டு வாங்க” என்றார் தமயந்தி.

வாசலோரம் ஒரு தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இருந்தது. நாச்சிமுத்து கையை நனைத்துக்கொண்டு வந்தார். சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

“முழங்கை வரைக்கும்.”

போனார். வந்தார். மூன்றாம் முறை சொல்ல வாயைத் திறந்தார்.

“நகத்துக்குள்ள?”

பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படி நகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று நாச்சிமுத்து நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்த காரியம் அப்படி.

*

நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பால் சொசைட்டியில் செயலாளராக இருந்தவர். கேன் மூடியைத் திறந்து முகர்ந்தாலே அந்தப் பால் எத்தனை மணிக்குக் கறந்தது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி நட்டு, ஒரு கொட்டகை போட்டு, பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கினார்.

தமயந்திக்கு முப்பத்து நான்கு. உடுமலைக்குத் தெற்கே இளம்புழு வளர்ப்பு மையம் நடத்துகிறார். முட்டை பொரித்ததிலிருந்து பத்து நாள் புழுவை வளர்த்து விவசாயிகளிடம் கொடுப்பார். அதற்கப்புறம் கூடு கட்டும் வரை பதினாறு நாள் விவசாயியின் பாடு.

குருவைத் தேடுகிறவர்கள் வயதில் மூத்தவரைத் தேடுவார்கள். நாச்சிமுத்துவுக்கு அந்த வசதி இல்லை. அவர் ஊரில் மூத்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள்.

தமயந்தி அதிகம் பேச மாட்டார். பேச்சு கைமாறினால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேலையோடு திரும்பிப் போவார்கள்.

*

இரண்டு தடவை புழு மொத்தமும் போய்விட்டது. இரண்டு தடவையும் ஒரே மாதிரி. புழு பளபளவென்று வீங்கும். ஒரு இடத்தில் நிற்காமல் தட்டின் விளிம்பிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். தொட்டால் தோல் கிழிந்து வெள்ளையாக வழியும். பால் புழு என்று அதற்குப் பெயர். முப்பது வருஷம் பாலால் பிழைத்தவருக்குப் பால் ரூபத்திலேயே வந்தது சோதனை.

அவர் மனைவி ராமாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டாள். தோட்டத்தில் தழை தயாராக இருக்கிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் முற்றிவிடும். அதற்குள் புழு வந்து சேராவிட்டால் தோட்டத்தில் ஆட்டை விட்டுவிடுவாள். மிச்சத்தை டிராக்டர் வைத்துப் பிடுங்கிவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

மகன் நல்லவன்தான். ஆனால் அந்த நாலாவது மாடியில் நாச்சிமுத்துவுக்கு இருக்கப்போகும் ஒரே வேலை, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது.

*

என்னென்ன செய்தீர்கள் என்று தமயந்தி கேட்டார்.

நாச்சிமுத்து கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். முதல் தடவை போனதும் கொட்டகையைக் கூட்டித் தள்ளி, நாற்பது நாள் பூட்டிவிட்டார். உள்ளே தழை இல்லை, புழு இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டாவது தடவை புழு வந்தபோது நோய் தெரிந்ததும், மனிதர்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தழையில் தூவிப் பார்த்தார். அதுவும் போனதும் இன்னொரு நாற்பது நாள் பூட்டு. பூட்டு இன்னும் தொங்குகிறது.

“கிருமியைப் பட்டினி போட்டேனுங்க. நாப்பது நாள் தீனி இல்லாம எதுங்க உசுரோட இருக்கும்?”

“உங்க வீட்டு உறைமோரை நாப்பது நாள் பூட்டி வெச்சா?”

“செத்துப் போகுங்க. அப்பறம் எத்தனை பாலுல ஊத்துனாலும் உறையாது.”

“ஏன்?”

“அதுக்கு உசுரு இருக்குதுங்களே. தீனி கேக்கும்.”

தமயந்தி எழுந்து உள்ளே போனார். இரண்டு பிஸ்கட் டப்பாக்களோடு வந்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து புழு.

ஒரு டப்பாவுக்கு, பூட்டிய கொட்டகையின் விட்டத்திலிருந்து துடைத்த தூசியைத் தடவித் தழை போட வேண்டும். இன்னொரு டப்பாவுக்கு வெறும் தழை. ஏழு நாள் கழித்து இரண்டையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். வரும்போது ஒரு தூக்குப் போசியில் மோரும் வேண்டும்.

“தோட்டத்துல தழை முத்திப் போகுமுங்க அம்மிணி. புழுவை இப்பவே குடுத்தீங்கன்னா...”

“ஏழு நாள்” என்றார் தமயந்தி.

*

ஏழாம் நாள் நாச்சிமுத்து கோபத்தோடு வந்தார். தானாகவே முழங்கை வரை கழுவினார். அது வேறு விஷயம்.

தமயந்தி டப்பாக்களை உள்ளே விடவில்லை. வேலியோரமாகக் கொண்டுபோய்த் திறந்தார்கள்.

தூசி டப்பாவில் ஐந்தும் வீங்கிப் பளபளத்தன. விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தன. நாற்பது நாள் பட்டினி கிடந்த தூசி செய்த வேலை.

வெறும் தழை டப்பாவிலும் மூன்று அதே மாதிரி.

“உங்க புழுவுலயே நோவு இருந்திருக்குதுங்க” என்றார் நாச்சிமுத்து. வயதுக்கு மரியாதை கொடுத்துச் சத்தம் போடாமல் சொன்னார். யார் வயதுக்கு என்பதுதான் தெரியவில்லை.

“தினமும் எதுக்கு முதல்ல தழை போட்டீங்க?”

“தூசி டப்பாவுக்குங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் இதுக்குங்க.”

“நடுவுல?”

நாச்சிமுத்துவின் கண் தன் கைக்குப் போனது. அப்புறம் வாசல் தொட்டிக்குப் போனது.

“அதுக்குக் காலு இல்லைங்க ஐயா” என்றார் தமயந்தி. “யாராச்சும் கொண்டுபோனாத்தான் போகும்.”

டப்பாக்களைப் புழுவோடு சேர்த்து எரித்தார்கள்.

*

மோரில் ராமாத்தாள் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டிருந்தாள். குடிக்கத்தான் கேட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். தமயந்தி ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துவிட்டு மீதியைக் குடித்தார்.

வாசல் பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப் இருந்தது.

நாச்சிமுத்து ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். குச்சி குச்சியாகத் தெரிந்தது. சில குச்சிகளுக்கு நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருந்தது. ஒன்று இரண்டாகப் போகிறது. முப்பது வருஷம் பழகிய மோரை அன்றுதான் நேரில் பார்த்தார்.

“தின்னு பெருத்து, ரெண்டா உடையுதுங்க.”

“அது பாக்டீரியா. தானே தின்னும், தானே பெருகும்” என்றார் தமயந்தி. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். எரிப்பதற்கு முன் ஒரு பால் புழுவிலிருந்து எடுத்து வைத்த சொட்டு.

கல்கண்டை உடைத்துக் கொட்டியது போல இருந்தது. ஓரம் ஓரமாக வெட்டியது போன்ற மணிகள். கணக்கே இல்லை.

“எதாச்சும் ரெண்டா உடையுதுங்களா?”

“இல்லீங்க அம்மிணி. கல்லாட்டம் கெடக்குதுங்க.”

“அது பெட்டி. நோயைக் குடுக்கற வைரஸ் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குது. அது இந்தக் கண்ணாடிக்கும் தெரியாது, அத்தனை சின்னது.”

“அது என்னத்தைத் திங்குதுங்க?”

“ஒண்ணும் திங்காது.”

“மூச்சு?”

“விடாது.”

“வளருங்களா?”

“வளராது.”

நாச்சிமுத்து நிமிர்ந்தார். நாற்பது நாளும் நாற்பது நாளுமாக எண்பது நாள், தின்னாத ஒன்றை அவர் பட்டினி போட்டிருக்கிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அப்பறம் எப்பிடிங்க இத்தனை பெருகுது?”

*

தமயந்தி ஒரு காகிதத்தைக் கிழித்தார். ஏதோ எழுதி, மடித்து, நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். தழை நறுக்கிக்கொண்டிருந்த மரகதத்திடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மரகதம் அங்கே வேலை செய்கிற பெண். நறுக்கிய தழைக்காக உள்ளே இளம்புழுக்கள் காத்திருந்தன.

மரகதம் சீட்டைப் படித்தாள். தமயந்தியைப் பார்த்தாள். அரிவாள்மனையை மடக்கினாள். பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், கிழித்தாள், மடித்தாள். எழுதினாள், கிழித்தாள், மடித்தாள்.

தமயந்தி தேநீர் போட்டார். இருவரும் குடித்தார்கள்.

அரை மணி நேரத்தில் மரகதத்தின் முன்னால் சீட்டுகள் குவிந்துவிட்டன. நறுக்கிய தழை அப்படியே கிடந்து வாடியது.

“அம்மிணி, புழுவுக்குத் தழை” என்றார் நாச்சிமுத்து. பொறுக்கவில்லை அவருக்கு.

“ஒரு சீட்டைப் படிச்சுப் பாருங்க.”

எடுத்துப் பிரித்தார். ‘இதைப் பார்த்து இதே மாதிரி எழுதிக்கொண்டே இருக்கவும்’ என்று எழுதியிருந்தது. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் அதுதான். இன்னொன்று. அதுவேதான்.

“சீட்டு என்ன வேலை செஞ்சுச்சுங்க?” என்று தமயந்தி கேட்டார்.

“சீட்டு என்னங்க செய்யும்? அது காயிதம். எல்லாம் இந்தப் பொண்ணுதான் செஞ்சுது.”

“மரகதம், போதும்.”

மரகதம் விரலைச் சொடுக்கிக்கொண்டு அரிவாள்மனைக்குத் திரும்பினாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நோட்டு தீர்ந்திருக்கும் என்று முணுமுணுத்தாள்.

தமயந்தி அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம் பேசினார். புழு தழையைத் தின்னும்போது அந்தப் பெட்டியும் வயிற்றுக்குள் போகும். அங்கே பெட்டி கரையும். உள்ளே இருப்பது ஒரு சீட்டு மாதிரிதான். புழுவின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத அறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் புழுவுக்காக ஏதோ வேலை செய்கிறது. சீட்டு ஒரு அறைக்குள் போனால் அந்த அறை தன் வேலையைப் போட்டுவிட்டுச் சீட்டில் சொன்னதைச் செய்யும். அறை வெடிக்கும் வரை செய்யும். அப்புறம் பக்கத்து அறை.

“சாப்பிடறது புழு. வேலை செய்யறது புழு. பொறக்கறது மட்டும் அது.”

“அப்போ அந்த மாத்திரைங்க?”

“அது பாக்டீரியாவோட அடுப்பை உடைக்கற மருந்து. இதுக்கு அடுப்பே இல்லீங்க ஐயா. அடுத்தவங்க அடுப்புலதான் சமைக்குது.”



விடியற்காலையில் எழுந்து, தோள் தேயத் தேயத் தழைக்கட்டு சுமந்ததெல்லாம் நாச்சிமுத்துவுக்கு நினைவுக்கு வந்தது. பதினாறு நாளும் புழு தின்கிற அழகைப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்.

“நெம்ப நல்லாத் தின்னுச்சுங்க” என்றார் மெதுவாக.

“ஆமாங்க. யாருக்குத் தின்னுச்சு?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியைத் தேடினார். கை கழுவியது நினைவுக்கு வந்து விட்டுவிட்டார்.

*

செய்ய வேண்டியதை அவரே சொன்னார். பூட்டு போட்டுப் பயனில்லை. சுவர், விட்டம், தட்டு, கதவுப்பிடி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும். பளபளக்கிற புழு ஒன்று தெரிந்தாலும் தோல் கிழியாமல் எடுத்துச் சுண்ணாம்பில் புதைக்க வேண்டும். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போகும்போது கை கழுவ வேண்டும். தமயந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“இப்போ புழு குடுப்பீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் தமயந்தி. “இந்த மாசம் உங்களோட சேத்து ஒம்பது பேர் வந்தாங்க. எல்லாருக்கும் பால் புழு. ஒம்பது பேருமே கொட்டகையை நாப்பது நாள் பூட்டி வெச்சவங்க. முப்பது இல்லை, அம்பது இல்லை. நாப்பது. யாரும் மருந்து அடிக்கலை. இதை உங்களுக்கு யார் சொன்னா?”

“போன்ல வந்துச்சுங்க.”

“யார் அனுப்புனது?”

பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர் என்றார். அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. தேடி எடுத்துப் போனை நீட்டினார். கண்ணாடி இல்லாமல் தன்னால் படிக்க முடியாது, நீங்களே படியுங்கள் என்றார்.

தமயந்தி படித்தார்.

“பட்டு விவசாயிகள் கவனத்துக்கு. நோய் வந்த கொட்டகையை நாற்பது நாள் பூட்டி வையுங்கள். தீனி இல்லாமல் கிருமி தானாகச் செத்துவிடும். மருந்து தேவையில்லை.” நிறுத்தினார். “இதுக்குக் கீழ ஒரு வரி இருக்குதுங்க. ‘நானே செய்து பார்த்தேன், நூற்றுக்கு நூறு உண்மை. நாச்சிமுத்து, பால் சொசைட்டி செயலாளர், ஓய்வு.’”

“அது நான் சேத்துப் போட்டு அனுப்புனதுங்க” என்றார் நாச்சிமுத்து. குரல் இறங்கிவிட்டது. “பூட்டுன அன்னைக்கே போட்டுட்டேனுங்க. எப்பிடியும் செத்துரும்னு ஒரு நம்பிக்கை.”

“ரெண்டாவது தடவையும் போனப்போ?”

“மாத்திரைதான் சரியில்லைன்னு நெனைச்சுக்கிட்டேனுங்க. நம்ம சொன்னதைச் சந்தேகப்படத் தோணலீங்க.”

“எத்தனை பேருக்கு அனுப்புனீங்க?”

“குரூப்புல நாப்பத்தி மூணு பேருங்க.”

அந்த நாற்பத்து மூன்று பேரில் முக்கால்வாசி அவர் சொசைட்டியில் பால் ஊற்றியவர்கள். அவர் அளந்தால் மறு அளவு கேட்காதவர்கள். பேர் தெரியாத ஒருவர் அனுப்பியிருந்தால் பாதிப்பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

“இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குது” என்றார் தமயந்தி. “நீங்க போட்டது இல்லை. முன்னாடியே இருந்தது.”

“படிங்க அம்மிணி.”

“இதைப் பத்து விவசாயிகளுக்கு அனுப்பவும்.”

நாச்சிமுத்து மரகதத்தின் பக்கம் திரும்பினார். அவள் தழை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சீட்டுக் குவியல் அப்படியே கிடந்தது. காற்றுக்கு ஒன்றிரண்டு பறந்து வாசல் வரை போயிருந்தன.

“திருப்பிப் படிங்க” என்றார்.

தமயந்தி திருப்பிப் படித்தார்.

*

நாச்சிமுத்து போனை வாங்கிக்கொண்டார். பழனி ரோட்டில் இருக்கிற கிட்டுசாமியை முதலில் கூப்பிட்டார். கிட்டுசாமிக்கு அவரென்றால் உயிர்.

“கிட்டுசாமி, நாச்சிமுத்து பேசறேன். அந்த நாப்பது நாள் சமாச்சாரம் சுத்தப் பொய்யப்பா. நான் சொன்னது தப்பு. பூட்டுனதை நம்பிப் புழு எறக்கீறாதே. மொதல்ல ப்ளீச்சிங் போட்டுக் கழுவு.”



“அண்ணா, நீங்களே சொல்லிட்டீங்கன்னு நான் அன்னைக்கே அனுப்பிட்டேனுங்களே.”

“யாருக்குப்பா?”

“தாராபுரத்துல மச்சாங்களுக்கு, அப்பறம் தாளவாடி குரூப்புக்கு, அப்பறம்...”

“எத்தனை பேரு இருக்கும்?”

“அதெப்பிடீங்கண்ணா சொல்றது? அவங்களும் அனுப்பியிருப்பாங்களே.”

நாச்சிமுத்து போனை மடியில் வைத்தார். புழு கேட்டு வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. தமயந்தி நோட்டைத் திறந்து வியாழக்கிழமை புழு கொடுக்கிற பட்டியலில் அவர் பெயரை எழுதியதை அவர் கவனிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, அது யாருடைய கை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, இதுக்கு எதைக் கழுவறதுங்க?”

தமயந்தி உள்ளே போனார். “அடுத்த ஆளைக் கூப்பிடுங்க” என்று ஒரு போன் சார்ஜரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.